கிடியனுக்கு ஒரு விளக்கு

பனிச்சங்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். பெயர் கணபதி. அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, பதவியும் கிடையாது. ஆனால் அதை அவனைப் போலச் செய்ய ஹாலிஎலயிலிருந்து பதுளை வரை தேடினாலும் இன்னோர் ஆள் அகப்படமாட்டான்.

யாருடைய ஆடாவது தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களா ரோசாச்செடியை மேய்ந்துவிட்டதா, கணபதியைக் கூப்பிடு. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு மூன்றாம் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் பிந்திவிட்டார்களா, கணபதியை முன்னால் தள்ளு. திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் சத்தம் கூடிப்போச்சா, கணபதி எங்கே? அவன் வருவான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவான். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவிப்பான். "தப்பு நடந்துபோச்சுங்க தொரை. நாங்கதான். மன்னிச்சுக்கங்க" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான். தொரையின் கோபம் பொங்கின பால் மாதிரி அடங்கும். அடங்கிய பிறகுதான் உண்மையில் என்ன நடந்தது என்ற பேச்சே தொடங்கும். முதலில் மன்னிப்பு, பிறகு நியாயம். அந்தத் தோட்டத்து முறை அது. எத்தனையோ தொரைமார் வந்துபோனார்கள், எல்லாருக்கும் அந்த முறை பழகிப்போயிருந்தது.

தப்பு யாருடையது என்பதெல்லாம் அதில் ஒரு பொருட்டே இல்லை. கணபதியிடம் ஆடே கிடையாது.

அவன் மனைவி ஜீவராணிக்கு மட்டும் இது பிடிக்காது. கொழுந்து பறிக்கிற விரல்களைப் போலவே அவள் நாக்கும் வேகம். "இவருக்குக் கல்லு தட்டுனா கல்லுகிட்ட மன்னிப்புக் கேப்பாரு" என்று மலையில் எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரிப்பாள். கணபதி கோபித்துக்கொள்ளமாட்டான். அவன் அப்பா காலத்தில் அவர்களுக்கு நாடே இல்லை. இந்த நாடு உன்னுடையது அல்ல என்றது இலங்கை, இந்தியாவும் வா என்று உடனே கூப்பிடவில்லை. கேட்பதற்கு உரிமை இல்லாதவனுக்குக் கைமுதல் மன்னிப்பு ஒன்றுதான் என்று அந்த மனிதர் கற்றுக்கொண்டார். பிரஜாவுரிமை பிறகு வந்து சேர்ந்தது. குவிந்த கை மட்டும் பிரியவே இல்லை.

இந்த முறை பிசகியது பாதை விஷயத்தில்.

அந்த வருடத்து மழையில் மேட்டுச்சரிவு இடிந்து, பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பாதி காணாமல் போய்விட்டது. அம்புலன்ஸ் ஏற மறுத்தது. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைப் படுக்கைவிரிப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதை நகரத்துச் சபைக்காரருடையது என்றது தோட்டம், தோட்டத்துடையது என்றது சபை. இரண்டு பேருக்கும் வேண்டாத பாதையில் ஜனங்கள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கூச்சல் இல்லை, கொடி இல்லை. பாயை விரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தார்கள்.

கொழுந்து லொறி வந்து நின்றது. கணபதி எழுந்து போய், கொஞ்சம் பொறுக்கும்படி சாரதியிடம் கையைக் குவித்துக் கேட்டான். சாரதி பொறுத்துப் பார்த்தான், பிறகு பொறுமை தீர்ந்து, ஒரே வேகத்தில் பின்னுக்கு எடுத்தான். வளைவில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் லொறியின் பக்கம் மோதிக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. தன் வேலை போய்விடும் என்று பயந்தானோ என்னவோ, ஒப்பீசுக்குப் போன சாரதி ஜனங்கள் கல்லெறிந்தார்கள் என்று சொல்லிவிட்டான்.

அப்போது தோட்டத்துக்கு ஒரு புதிய தொரை வந்திருந்தார். இளம் வயது. வேறு ஊரில் வளர்ந்தவர், தமிழ் தெரியாது, தேயிலைத் தோட்டமும் அவருக்குப் புதிது. எல்லாரையும் ஒப்பீசு வாசலில் நிறுத்தி, செய்தது யார் என்று கேட்டார். முகம் சிவந்திருந்தது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, வழக்கப்படி, கணபதியின் முதுகில் கை வைத்தார்கள். பக்கத்து லயத்துச் சின்னராசாதான் காதில் சொன்னான். "நீ ஒரு வார்த்த சொல்லிரு அண்ணே, கோவம் தணியட்டும்."

கணபதி துண்டை அவிழ்த்தான். கையைக் குவித்தான்.

"தப்பு நடந்துபோச்சுங்க தொரை. நாங்கதான். மன்னிச்சுக்கங்க."

புதிய தொரை பெரிய கிளாக்கர் தம்பையாவைப் பார்த்து, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். தம்பையா ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொன்னார். தொரை உள்ளே போய்ப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். கணபதி அதே இடத்தில் நின்றான். கோபம் அடங்கியதும் கூப்பிட்டு விசாரிப்பார், அப்போது பாறையைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்தான். ஜீப் வந்து நின்றபோதும் கையைக் குவித்தபடியே நின்றானாம் அந்த அப்பாவி மனுசன். பொலிசிலும் அதையே சொன்னான். அங்கேயும் யாரோ கோபமாகத்தானே இருந்தார்கள்.

பிணையில் வெளியே வந்தான். ஆனால் அவன் தலைக்கு மேல் தொங்கியது வேறொன்று. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலைக்கு அவனை எடுத்திருந்தார்கள். அரசாங்க வேலை, அவர்கள் குடும்பத்தில் முதல் அரசாங்க வேலை. நேர்முகத்துக்குப் போன அன்று வாசல் அறையில் காவலாளிக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றி ஜீவராணியிடம் ஒரு வாரம் பேசினான். வாழ்நாள் முழுக்க நின்றே பழகியவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. இனிப் பொலிஸ் அறிக்கை ஒன்றுதான் பாக்கி. வழக்கில் குற்றவாளி என்று ஆனால் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்காருவான்.

ஜீவராணி அவனைப் பதுளைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இலவசமாக வழக்குப் பேசித்தரும் சட்ட உதவி அலுவலகத்தில் தனுஜா என்ற சட்டத்தரணி இருந்தாள். அவளும் லயத்தில் பிறந்தவள்தான், ஹாலிஎலப் பக்கம். கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, இருவரையும் உட்காரச் சொன்னாள். கணபதி உட்காரவில்லை. அவள் எழுந்து நின்றுகொண்டு, "அப்ப நானும் நின்னுக்கிட்டே பேசுறேன் அண்ணே" என்றாள். அதன்பிறகுதான் நுனியில் உட்கார்ந்தான்.

கல் எறிந்தானா என்று கேட்டாள். இல்லை என்றான். எறிந்தவர்களைப் பார்த்தானா என்று கேட்டாள். யாருமே எறியவில்லை, பாறை என்றான்.

"அப்புறம் ஏன் நாங்கதான்னு சொன்னீங்க?"

கோயிலுக்குள் ஏன் செருப்பைக் கழற்றினாய் என்று கேட்டால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான் கணபதி. "தொரை கோவமா இருந்தாருங்க" என்றான்.

தனுஜா சிரிக்கவில்லை. அவள் அப்பாவும் ஒப்பீசு வாசலில் துண்டை அவிழ்த்தவர். கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்டாள். அதே வார்த்தைகளைத்தான் என்றான் கணபதி. நீதவான் தொரையை விடப் பெரியவர் அல்லவா, அவருக்கு மனசும் பெரிதாக இருக்கும், மன்னித்து அனுப்பிவிடுவார்.

"வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவாரு. ஆனா குற்றவாளின்னு எழுதிட்டுத்தான் அனுப்புவாரு" என்றாள் தனுஜா. "அங்க மொறை வேற அண்ணே. அங்க நியாயந்தான் மொதல்ல. மன்னிப்பெல்லாம் கடைசில."

கணபதிக்கு அது தலைகீழாகப் பட்டது. ஜீவராணிக்கு, தான் இத்தனை காலம் சொல்லிவந்ததை ஒரு படித்த பிள்ளை சொல்லிவிட்டது என்று ஒரே சந்தோஷம்.

அன்றைக்குத்தான் தனுஜா அமெரிக்காக் கதையைச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் அரசியல் பாடம் படித்தவள். தகரக் கூரையில் மழை அடித்தால் வாத்தியார் குரல் கேட்காது, அதனால் அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு நிற்பார். அப்படி ஒரு மழைநாளில் அவர் எழுதிப்போட்டது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதைப் படித்த அன்று தன் அப்பாவின் குவிந்த கைதான் தனக்கு ஞாபகம் வந்தது என்றாள்.

எழுதி வைத்த உடனே அது எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம் என்றும் சொன்னாள். உரிமைகளை எழுதியவர்கள் சிலருடைய வீட்டிலேயே அடிமைகள் வேலை செய்தார்கள். ஒரு பெரிய சண்டை முடிந்த பிறகுதான் கறுப்பு மக்களும் பிரஜைகள், சட்டம் எல்லாருக்கும் சமம் என்று சேர்த்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் ஒரு நூறு வருடம் அவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் பின் சீட்டு. எழுதினது ஒரு பக்கம் கிடக்க, ஆசனத்தை விட்டு எழும்பமாட்டேன் என்று யாரோ ஒருத்தி சொல்லவேண்டியிருந்தது, என் பிள்ளையை இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ப்பேன் என்று யாரோ ஒருத்தர் வழக்குப் போடவேண்டியிருந்தது. மாட்டிக்கொண்ட ஓர் ஆள், அவர் கேட்ட ஒரு கேள்வி, அப்படித்தான் ஒவ்வொன்றும் வந்தது.

"அதுல ஒருத்தர் கிடியன்" என்றாள். "வெள்ளைக்காரர்தான். ஆனா ஏழை. நிரந்தரமா வேலையில்ல, படிப்பில்ல. ஃப்ளோரிடாங்கிற எடத்துல ஒரு விளையாட்டுக் கடைய ஒடைச்சுத் திருடப் போனாருன்னு புடிச்சாங்க. எனக்கு ஒரு லோயர் குடுங்கன்னு ஜட்ஜ்கிட்ட கேட்டாரு. தூக்குத் தண்டனை வழக்குன்னாதான் அரசாங்கச் செலவுல லோயர்னுட்டாரு ஜட்ஜ். தனக்குத் தெரிஞ்ச மாதிரி தானே பேசிப் பாத்தாரு. அஞ்சு வருசம் உள்ள போட்டாங்க."

கணபதி நாற்காலியில் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தான். "மன்னிப்புக் கேட்டுப் பாக்கலாமே அவரு."

"கேக்கல அண்ணே. மறியலறைக்குள்ள பூட்டிக் கெடந்துக்கிட்டே பென்சிலால நாட்டுலயே பெரிய கோர்ட்டுக்கு எழுதினாரு. லோயர் இல்லாம என்னைய விசாரிச்சது நியாயமில்லன்னு. பெரிய கோர்ட் ஆமான்னுடுச்சு. ஏழைக்கு லோயர் வெச்சுத்தான் வழக்கு நடத்தணும்னு தீர்ப்பு. லோயரோட திரும்பி வழக்கு நடந்துச்சு. குத்தமில்லன்னு வெளிய வந்தாரு. அவரால மத்தவங்களும் எவ்வளவோ பேர் வெளிய வந்தாங்க."

பிறகு, கதை சொன்ன உற்சாகம் தனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்ததோ என்னவோ, குரலை இறக்கினாள். அது அந்த நாட்டுத் தீர்ப்பு, இங்கே செல்லாது, இங்கே நமக்கென்று வேறு சட்டம் இருக்கிறது என்றாள். "ஆனா நான் இந்தக் கோட்டுப் போட்டதுக்கு அந்த மனுசன்தான் காரணம். நான் உங்க பக்கத்துல நிப்பேன். நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். செய்யலன்னு."

திரும்பி வருகையில், பஸ் ஹாலிஎல தாண்டியதும் கணபதி மெதுவாகக் கேட்டான். "அந்தாளுக்கு எப்படி பயமில்லாமப் போச்சு?" பயம் இருந்திருக்கும், ஆனாலும் எழுதினார் என்றாள் ஜீவராணி.

லயத்தில் ஒத்திகை நடந்தது. ஜீவராணி கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் நீதவானாக உட்கார்ந்து, செய்தாயா என்று கேட்டாள். "செய்யல" என்று பட்டென்று சொன்னான் கணபதி. மனைவியிடம் மறுத்துப் பேச யாருக்குத்தான் பழக்கமில்லை. சின்னராசா கல்யாணத்துக்கு எடுத்த கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டான். கணபதியின் கை தானாகக் குவிந்தது. "தப்பு நடந்துபோச்சுங்க" என்றது வாய். சின்னராசா என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் அப்படித்தான் வந்தது. திரும்பத் திரும்பச் செய்துபார்த்தும் அதே கதை. கடைசியில் சின்னராசாவே அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அன்று முதுகில் கை வைத்தவன் அவன்தானே.

ஜீவராணிதான் கண்டுபிடித்தாள். கோளாறு வாயில் இல்லை, கையில். கை சேர்ந்தால் வாய் பின்னாலேயே போகிறது. கூண்டுக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும், அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள், என்ன ஆனாலும் விடாதே என்றாள். அதன் பிறகு லயத்து வாசலில் ஒரு மண்வெட்டிப் பிடியைக் குறுக்கே வைத்து, கணபதி அதைப் பிடித்துக்கொண்டு நின்று பழகினான். போகிறவர்கள் வருகிறவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டார்கள்.

இதற்கிடையில் அவள் இன்னொரு வேலையும் பார்த்தாள். லொறி பின்னுக்குப் போனபோது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் நின்றதை அவள் மறக்கவில்லை. பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் மர்ஸூக், தோட்டம் தோட்டமாகத் துணி கொண்டுவரும் வேன் அது. கடைக்குப் போய்க் கேட்டாள். மர்ஸூக் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பாதை அடைத்திருந்ததால் திரும்பிப் போய்விட்டார். தோட்டத்துக்குள் வேன் விடுவதும் தடுப்பதும் தொரையின் கையில், சாட்சி சொன்னால் நாளைக்குத் தோட்டத்து வாசலில் நிறுத்திவிடலாம், அது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லித்தான் கேட்டாள். மர்ஸூக் மடித்துக்கொண்டிருந்த சேலையை மடித்து முடித்துவிட்டு, கண்ணால் கண்டதைச் சொல்ல யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று திருப்பிக் கேட்டார். அந்த மனுசனுக்கு அவள் மனசில் அன்றைக்கே ஓர் இடம் ஒதுக்கிவிட்டாள்.

வழக்குத் தவணை நாள் வந்தது. பனிச்சங்காட்டில் அன்றைக்குப் பாதிப் பேர் மலைக்குப் போகவில்லை. பஸ்ஸை நிறைத்துக்கொண்டு வந்து கோர்ட்டுக்குள் நின்றார்கள். வாங்கு காலியாக இருந்தும் உட்காராமல் நின்றவர்களைப் பொலிஸ்காரர் ஒருவர் வற்புறுத்தி உட்கார வைக்கவேண்டியிருந்தது.

கணபதி கூண்டில் ஏறினான். கம்பி இருந்தது, ஜீவராணி சொன்ன மாதிரியே. இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குற்றத்தைச் சிங்களத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். லொறிக்குக் கல்லெறிந்து சேதம் விளைவித்தது உண்மையா?

நீதவான் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அன்றைக்குத் தடிமன், சளி பிடித்து மூக்கு சிவந்து நெற்றி சுருங்கியிருந்தது. கணபதிக்கு அது எப்படித் தெரியும்? உயரமான ஆசனம், சிவந்த முகம், சுருங்கிய நெற்றி. வலது கை கம்பியை விட்டது. இடது கையும் விட்டது. ஜீவராணி பின் வாங்கில் கண்ணை மூடிக்கொண்டாள்.

கை பாதி தூரம் ஏறிவிட்டது. அப்போது கணபதி பக்கவாட்டில் பார்த்தான். தனுஜா நின்றுகொண்டிருந்தாள். அவனை அவசரப்படுத்தவில்லை, தலையை ஆட்டவில்லை, சும்மா பக்கத்தில் நின்றாள். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன் என்று சொன்னவள் நின்றாள். அந்த ஃப்ளோரிடாக்காரருக்கு முதல் வழக்கில் இந்த இடம் காலியாக இருந்திருக்கும். அந்த நினைப்பு எங்கிருந்தோ வந்தது. இந்த இடத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும் என்று கேட்டுத்தானே அந்த மனுசன் பென்சிலை எடுத்தார்.

கை கீழே இறங்கியது. கம்பியைப் பிடித்தது.

"நான் செய்யலீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. ஜீவராணி கண்ணைத் திறந்தாள். சின்னராசா வாயைப் பொத்திக்கொண்டான். கணபதி மேலே என்னமோ சொல்ல வாயெடுத்தான், தனுஜா விரலை லேசாக அசைத்தாள். போதும், மிச்சம் என் வேலை. அவன் வாயை மூடிக்கொண்டான். பேசாமல் நிற்பதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அந்த மனுசனுக்கு அன்றுவரை தெரியாது.

விசாரணை பிறகொரு தவணையில் நடந்தது. சாரதி கல் என்றான், தனுஜா கேட்கக் கேட்க கல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதில் தடுமாறினான். அடுத்து பெரிய கிளாக்கர் தம்பையா. கணபதி தொரையிடம் சொன்னதை அப்படியே சொன்னார், நாங்கதான் என்றான், மன்னிப்புக் கேட்டான். கோர்ட்டில் இருந்த தொரை தலையை ஆட்டிக்கொண்டார். தனுஜா எழுந்தாள்.

இந்த ஆள் இதற்கு முன் மன்னிப்புக் கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டாள். உண்டு என்றார் தம்பையா. எதற்கு? ஆடு ரோசாச்செடியைத் தின்றதற்கு. ஆடு இவருடையதா? இல்லை. வேறு? பெரட்டுக்குப் பிந்தினதற்கு. பிந்தினது இவரா? இல்லை, இவர் ஒருநாளும் பிந்தியதில்லை. வேறு?

தம்பையா தயங்கினார். நீதவானைப் பார்த்தார். "ஒரு தடவ, முந்தின தொரை மகளோட பொறந்தநாளுக்குப் பந்தல் போட்டிருந்தோம். பெரிய மழ அடிச்சு எல்லாம் நனைஞ்சிருச்சு. தொரைக்குச் சரியான கோவம்." நிறுத்தினார். "அந்த மழைக்கும் இவர்தான் மன்னிப்புக் கேட்டாரு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதவானே கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார், தடிமன் அதற்குள் குணமாகியிருந்தது. மழை பெய்ததற்கும் இவர்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தனுஜா கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கணபதி சிரிக்கவில்லை. இத்தனை காலம் யார் யாருக்காகவெல்லாம் கையைக் குவித்தோம் என்று முதல் தடவையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்த தோட்டத்து ஜனங்களும் அதைக் கேட்டார்கள். ஆட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மர்ஸூக் வந்து, லொறி எப்படிப் பின்னுக்குப் போனது, எந்தப் பாறை, எந்தப் பக்கம் என்று கடையில் துணி விரித்துக் காட்டுகிற மாதிரி விரித்துச் சொன்னார். அதற்குப் பிறகு பேச அதிகம் இருக்கவில்லை. கணபதி விடுதலை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது, அவரும் ஹாலிஎலக்காரரோ என்னவோ, குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

தொரை யாரையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை. மர்ஸூக்கின் வேனை மட்டும் அவர் தடுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோர்ட்டு வாசலில் ஜனங்கள் கணபதியைச் சுற்றிக்கொண்டார்கள். ஆட்டுக்காரர் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். சின்னராசா, இனிமேல் என் தப்புக்கு நானே போறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு அழுதான். ஜீவராணி தனுஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்ப தாயி, நீ நல்லா இருப்ப" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மர்ஸூக்குக்கும் அதே ஆசீர்வாதம் கிடைத்தது.

கணபதி ஒன்றுதான் கேட்டான். அந்தக் கிடியன் ஐயாவை எப்படியாவது பார்க்க முடியுமா? பார்க்க முடியாவிட்டால் போனிலாவது ஒரு வார்த்தை.

அவர் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது என்றாள் தனுஜா. கடைசிவரை ஏழையாகவே இருந்து செத்தார். புதைத்த இடத்தில் பெயர் போட்டு ஒரு கல்கூட இல்லாமல் இருந்தது. பல வருடம் கழித்து, உரிமைகளுக்காகப் பாடுபடுகிறவர்கள் சேர்ந்துதான் ஒரு கல் வைத்தார்களாம். கணபதியின் முகம் வாடிப்போயிற்று. தான் விடுதலையான சந்தோஷத்தையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டான். "அப்ப ஒரு வெளக்கு ஏத்தக்கூட யாருமில்லியா அவருக்கு" என்றான்.

காவலாளி வேலை கிடைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை சேரவேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயந்திரம் கணபதி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஜீவராணியோடு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனான். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் பூசாரி.

"கிடியன்" என்றான் கணபதி.

பூசாரி காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பெயர்தான் வந்தது. நட்சத்திரம் கேட்டார், தெரியாது. ராசி கேட்டார், அதுவும் தெரியாது. எந்தத் தோட்டம் என்று கேட்டார்.

"அமெரிக்காங்க சாமி. எறந்துட்டாரு."

இறந்தவர்களுக்கு அர்ச்சனை இல்லை, மோட்ச விளக்குத்தான் என்றார் பூசாரி. நல்ல மனுசன், அதற்கு மேல் குடைந்து கேட்கவில்லை. ஆனால் விளக்கு ஏற்ற உறவுமுறை சொல்லவேண்டுமே. "ஒங்களுக்கு அவரு என்ன வேணும்?"

கணபதி யோசித்தான். ஜீவராணி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டியவருங்க" என்றான்.

பூசாரி தலையாட்டிவிட்டு ஒரு புதிய அகல் கொண்டுவந்து தந்தார். ஜீவராணி எண்ணெய் ஊற்றினாள், கணபதி திரியைப் பற்றவைத்தான். விஷயம் எப்படியோ லயத்துக்கு எட்டி, ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். யாருக்கு விளக்கு என்று சின்னராசா பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னான், அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். ஆட்டுக்காரரின் மனைவி தன் எண்ணெய்ப் போத்தலிலிருந்து அந்த அகலுக்குக் கொஞ்சம் விட்டாள். பிறகு மற்றவர்களும் விட்டார்கள். காற்றடித்தும் அது அணையவில்லை.

விளக்கை வைத்துவிட்டு அம்மன் முன்னால் வந்து நின்றான் கணபதி. துண்டை இடுப்பில் கட்டினான். கையைக் குவித்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கோயிலில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் சொல்வது ஒன்றுதான், தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்ப மன்னிச்சிரு தாயி. ஜீவராணி அதற்குக் காத்திருந்தாள். கை சேர்ந்தால் வாய் பின்னாலேயே போகும் என்று கண்டுபிடித்தவளே அவள்தானே.

குவிந்த கை குவிந்தபடியே இருந்தது. கணபதி நிமிர்ந்து அம்மனின் முகத்தைப் பார்த்தான்.

"நல்லா இருக்கோம் தாயி" என்றான்.